அம்மாவின் இடுப்பும் கட்டிலின் விளிம்பும்

2011 ஜூன் 28 முதல் ஒரு வகைக் குழந்தைக் கட்டிலை அமெரிக்காவில் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று விதி வந்தது. நான்கு பக்கமும் கம்புத் தடுப்பு வைத்த கட்டில்தான். ஆனால் அதன் ஒரு பக்கத் தடுப்பு மட்டும் மேலும் கீழும் நகரும். பிள்ளையைத் தூக்கும்போது தடுப்பைக் கீழே இறக்கிவிட்டால் அதிகம் குனிய வேண்டியதில்லை. தூங்க வைத்த பிறகு மேலே ஏற்றி மாட்டிவிடலாம். பல பத்தாண்டுகளாக அந்நாட்டு வீடுகளில் புழங்கிய கட்டில் அது. உயரம் குறைந்த தாய்மார்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

அதைத் தடை செய்ததற்கு வலுவான காரணம் உண்டு. நகரும் தடுப்பைத் தாங்கிய கொக்கிகளும் திருகுகளும் நாள்பட நாள்படத் தளர்ந்தன, சில உடைந்தன. தடுப்பின் ஒரு மூலை கழன்றால் அதற்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு சந்து உண்டாகும். உருண்டு வரும் குழந்தை அந்தச் சந்தில் சிக்கினால் மூச்சுவிட முடியாது. 2000-க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இப்படி இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. வெவ்வேறு ஆபத்துகளுக்காக 2007 முதல் திரும்பப் பெறப்பட்ட குழந்தைக் கட்டில்கள் 1.1 கோடிக்கு மேல். 2010 டிசம்பரில் ஆணையம் புதிய விதிகளுக்கு வாக்களித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அவை நடைமுறைக்கு வந்தன.

குழந்தையின் உயிரைக் காத்த அந்த முடிவில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்கு பக்கமும் அசையாத தடுப்பு என்றான பிறகு, ஐந்தடி உயரமுள்ள ஒரு தாய் அதன் அடியில் கிடக்கும் பிள்ளையை எப்படித் தூக்குவது? முதுகு வலி, மணிக்கட்டு வலி என்று அவர் சொல்வதைப் பெரும்பாலும் பேறுகாலக் களைப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு பங்கு கட்டிலின் அளவிலிருந்து வருகிறது. அந்த அளவை இஞ்சுடேப் வைத்து அளக்கலாம், கணக்குப் போடலாம், வாங்குவதற்கு முன்பே தவிர்க்கவும் செய்யலாம்.

இரண்டு உயரங்கள்

கட்டிலின் உயரம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன. மெத்தையைத் தாங்கும் பலகையிலிருந்து தடுப்பின் மேல்விளிம்பு வரை உள்ளது உள்ளுயரம். இது குழந்தைக்கு உரியது. எழுந்து நிற்கக் கற்ற பிள்ளை ஏறிக் குதிக்காமல் காப்பது இந்த அளவுதான். உயரம் மாற்றக்கூடிய மெத்தைப் பலகையை மிகத் தாழ்ந்த கடைசிப் படிக்கு இறக்கிய நிலையில் முழு அளவுக் கட்டிலுக்கு இது குறைந்தது 66 செ.மீ. இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பியத் தரநிலை 60 செ.மீ. கேட்கிறது.

தரையிலிருந்து மேல்விளிம்பு வரை உள்ளது வெளியுயரம். இது தூக்குபவருக்கு உரியது. கடைகளில் உள்ள கட்டில்களில் இது ஏறக்குறைய 85 முதல் 100 செ.மீ. வரை மாறுகிறது. உள்ளுயரம் 66 என்றால் மிச்சமுள்ள 20, 30 செ.மீ. எதற்கு? அது வெறும் கால். மெத்தைப் பலகைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடம். அதில் சில நிறுவனங்கள் இழுப்பறை வைக்கின்றன, சில அழகுக்காக விடுகின்றன. குழந்தையின் பாதுகாப்பில் அதற்குப் பங்கு இல்லை.

உயரம் குறைந்த பெற்றோர் குறைக்க வேண்டியது இந்தக் காலைத்தான். தடுப்பைக் குறைக்கக் கூடாது. மெத்தைப் பலகை தரைக்கு எவ்வளவு நெருங்கி இறங்குகிறதோ, அவ்வளவுக்கு மேல்விளிம்பும் தாழும். பிள்ளைக்கு ஒரு சென்டிமீட்டர் பாதுகாப்பும் குறையாது.

உடம்பு மடங்கும் இடம்

மேல்விளிம்பு பத்து சென்டிமீட்டர் தாழ்வதால் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். உடம்பின் விகிதங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். உடல் உறுப்புகளின் நீளம் மொத்த உயரத்தில் எத்தனை பங்கு என்று 1966-இல் டிரில்லிஸ், கான்டினி என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்த அட்டவணையை இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன்படி இடுப்பு மூட்டின் உயரம் மொத்த உயரத்தில் 53 விழுக்காடு. தோளிலிருந்து விரல் நுனி வரை கையின் நீளம் 44 விழுக்காடு.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அந்த உயரமுள்ள பெண்ணுக்கு இடுப்பு மூட்டு ஏறக்குறைய 81 செ.மீ. உயரத்தில் இருக்கும். 178 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது 94. இருவரும் 90 செ.மீ. விளிம்புள்ள கட்டிலுக்கு முன்னால் நிற்கிறார்கள். உயரமானவருக்கு விளிம்பு இடுப்பு மூட்டுக்குக் கீழே நிற்கிறது. அவர் முதுகை நேராக வைத்தபடி, கீல் வைத்த கதவு போல இடுப்பில் மடங்கி உள்ளே சாயலாம். அந்த அசைவுக்கென்றே அமைந்த மூட்டும், உடம்பிலேயே பெரிய தசைகளான பிட்டத் தசைகளும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

152 செ.மீ. தாய்க்கு விளிம்பு இடுப்பு மூட்டுக்கு 9 செ.மீ. மேலே, தொப்புளை ஒட்டி வந்து முட்டுகிறது. இடுப்பில் மடங்க வழியில்லை. விளிம்புக்கு மேலே இருக்கும் உடம்பு மட்டும்தான் மடங்க முடியும். அங்கே இருப்பது முதுகெலும்பு. ஆகவே அவர் முதுகை வளைக்கிறார். அல்லது குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, வயிற்றை விளிம்பில் அழுத்திக்கொண்டு எட்டுகிறார். சிசேரியன் ஆகிச் சில வாரங்களே ஆன வயிறாகவும் அது இருக்கலாம்.

கையின் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். 152 செ.மீ. உயரத்துக்குத் தோளிலிருந்து உள்ளங்கை வரை சுமார் 59 செ.மீ. கடைசிப் படியில் பலகை, அதன்மேல் 12 செ.மீ. மெத்தை என்றால் மெத்தைப் பரப்பிலிருந்து விளிம்பு வரை ஆழம் 54 செ.மீ. பிள்ளையின் முதுகுக்கு அடியில் கை போக வேண்டுமானால் தோள் விளிம்புக்கு வெறும் 5 செ.மீ. மேலே வரை இறங்க வேண்டும். 178 செ.மீ. உயரமானவருக்கு 15 செ.மீ. இடம் மிஞ்சும். கட்டிலின் கால் குட்டையானாலும் இந்த 5 செ.மீ. மாறாது, உள்ளாழம் அதேதான். ஆனால் விளிம்பு 81-க்கு அருகில் இருந்தால் அவ்வளவு தூரம் இறங்க இடுப்பு மடங்கும். விளிம்பு 95-இல் இருந்தால் முதுகுதான் வளைய வேண்டும்.

முதுகு தாங்கும் சுமை

ஒன்பது கிலோ பிள்ளை முதுகுக்குத் தொண்ணூறு கிலோ ஆகிவிடுவது எப்படி என்பது பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கு. முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகள் அதிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில் இருந்துகொண்டு இழுக்கின்றன. பிள்ளையோ, கை நீட்டித் தூக்கும்போது, முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. பத்து மடங்கு தூரம் என்றால் பத்து மடங்கு விசை. தாயின் குனிந்த உடலின் எடை இதற்கு மேல். அதே பிள்ளையை மார்போடு அணைத்து 20 செ.மீ. தூரத்தில் தாங்கினால் தசைகள் இழுக்க வேண்டியது 36 கிலோ அளவுக்குத்தான்.

இதை உயிருள்ள முதுகிலேயே அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகரில் ஆய்வாளர் வில்கேயும் அவர் குழுவினரும் தன்னார்வலர் ஒருவரின் முதுகெலும்பு இடைத்தட்டுக்குள் அழுத்தமானியைப் பொருத்தி, அன்றாட வேலைகளைச் செய்யச் சொல்லி அளந்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சாதாரணமாக நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கும்போது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்திருக்கும்போது 1.1. கனம் ஒன்றே. எங்கே மடங்குகிறோம், எவ்வளவு ஒட்டிப் பிடிக்கிறோம் என்பதுதான் அழுத்தத்தை மாற்றுகிறது. இடுப்புக்கு மேலே எழும் தடுப்பு இந்த இரண்டையுமே கெடுக்கிறது. இடுப்பை மடங்க விடாது, பிள்ளையை உடம்போடு அணைக்கவும் விடாது.

பேறுகாலம் முடிந்த உடம்புக்கு இது இன்னும் கடினம். கருவுற்ற காலத்தில் சுரக்கும் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் இடுப்பெலும்பைக் கட்டியிருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றின் முன்புறத் தசைகள் விரிந்து விலகியிருக்கின்றன. முதுகுக்கு முன்பக்கத் துணையாக நிற்க வேண்டிய தசைகள் அவை. இவை பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களில்தான் ஒரு நாளில் எத்தனையோ முறை குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது.

மணிக்கட்டுக்கும் இதில் பங்கு உண்டு. உயர்ந்த விளிம்புக்கு மேலாகக் கையை விட்டால் முழங்கை மேலேயே நின்றுவிடும். கட்டைவிரலை அகல விரித்து, மணிக்கட்டை ஒருபுறம் சாய்த்துப் பிள்ளையின் அக்குளைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் கட்டைவிரலின் அடியில் தசைநாண் உறை வீங்கி வலிக்கும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வான் 1895-இல் விவரித்த இந்த நோய் கைக்குழந்தை வளர்க்கும் தாய்மார்களிடம் அடிக்கடி காணப்படுகிறது.

எடை ஏறும்போது மெத்தை இறங்கும்

பெரும்பாலான கட்டில்களில் மெத்தைப் பலகையை இரண்டு மூன்று படிகளில் பொருத்தலாம். பிறந்த குழந்தைக்கு மேல்படி. கையையும் முழங்காலையும் ஊன்றவோ உட்காரவோ தொடங்கும் முன்பு அடுத்த படி. பிடித்து எழுந்து நிற்கும் முன்பு கடைசிப் படி. ஆகவே முதல் சில மாதங்கள் எந்தக் கட்டிலும் எளிதாகவே இருக்கும். கடையில் காட்சிக்கு வைக்கும்போது பலகை மேல்படியில் இருப்பதால் பலரும் ஏமாந்துபோவது இங்கேதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஆண் குழந்தையின் நடுநிலை எடை பிறக்கும்போது 3.3 கிலோ, ஆறு மாதத்தில் 7.9, ஒரு வயதில் 9.6. பிள்ளையின் எடை மூன்று மடங்காகும் அதே காலத்தில் மெத்தை தாழ்ந்துகொண்டே போகிறது. கனமும் ஆழமும் ஒன்றாகக் கூடும் இந்தக் கட்டம், ஏழெட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, கட்டிலின் உண்மையான சோதனைக் காலம். கட்டிலை இந்தக் காலத்துக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. விழித்திருக்கும் பத்து மாதப் பிள்ளை தானாக எழுந்து நின்று கையை நீட்டும், தூக்குவது எளிது. தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுதான் கடினம். கை எட்டாதவர் கடைசி நான்கு விரற்கடை உயரத்தில் பிள்ளையை விட்டுவிட நேர்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்குத் திடீரென்று விழுவது போன்ற உணர்வு வந்தால் கைகளை விரித்துத் துணுக்குறும் மறிவினை உண்டு. ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-இல் விவரித்ததால் அதை மோரோ மறிவினை என்கிறார்கள். நான்கைந்து மாதங்களில் அது மறையும். அதுவரை அந்த நான்கு விரற்கடை போதும், தூங்கிய பிள்ளை விழித்துக்கொள்ள.

கடையில் பார்க்க வேண்டியவை

வீட்டிலேயே காலணி இல்லாமல் நின்று, தொடை மடங்கும் இடத்தின் உயரத்தை இஞ்சுடேப்பில் அளந்துகொள்ளுங்கள். கட்டிலின் மேல்விளிம்பு அந்த அளவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்பக்கப் பலகையின் உயரத்தை மொத்த உயரமாக அச்சிடுவது வழக்கம். நமக்கு வேண்டியது முன்பக்க விளிம்பின் உயரம். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் மெத்தைப் பலகையைக் கடைசிப் படிக்கு இறக்கித் தரச் சொல்லுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை நடுவில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். குதிகால் தரையைவிட்டு எழுந்தால் அந்தக் கட்டில் உங்களுக்கு உயரம். கட்டிலுக்கு அடியில் கால்விரல் நுழைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதம் கொஞ்சம் உள்ளே போனால் உடம்பும் அந்த அளவுக்குப் பிள்ளைக்கு அருகில் போகும். முன்பக்கம் முழுவதையும் அடைக்கும் இழுப்பறை இந்த வசதியைப் பறித்துவிடும்.

சிறிய அளவுக் கட்டில்களையும் கவனியுங்கள். முழு அளவுக் கட்டிலின் அகலம் சுமார் 71 செ.மீ. சிறியவற்றில் பல 61 செ.மீ. அகலமே. பிள்ளை படுக்கும் நடுப்பகுதி ஐந்து செ.மீ. அருகில் வருகிறது. அமெரிக்க விதியில் இவற்றுக்குத் தேவையான உள்ளுயரமும் 56 செ.மீ.தான். கை குட்டையானவருக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். பிள்ளைக்கு இந்தக் கட்டில் சீக்கிரம் போதாமல் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பக்கத் தடுப்பின் மேல்பகுதி மட்டும் கீலில் மடங்கும் கட்டில்களும் கிடைக்கின்றன. இவை தடைசெய்யப்பட்ட பழைய வகை அல்ல. தரையிலிருந்து 20 அங்குலம், அதாவது சுமார் 51 செ.மீ. வரை அசையாமல் இருந்து, அதற்கு மேல் உள்ள பகுதி மட்டும் மடங்குவதை அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கிறது. தாழ்ப்பாள் உறுதியாக விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே உயரமான கட்டிலை வாங்கிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பத்து செ.மீ. உயரப் பலகையின் மேல் நிற்பதும் விளிம்பைப் பத்து செ.மீ. தாழ்த்துவதும் ஒன்றே. இரண்டு பாதமும் தாராளமாக ஊன்றும் அகலமும், வழுக்காத அடிப்பகுதியும் அதற்கு வேண்டும். இருட்டில், பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் இறங்கும்போது தடுமாறும் அபாயம் உண்டு. அதனால் அடிக்கடி நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்து, இரவு விளக்கும் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் பயன்படுத்தாத நேரத்தில் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

செய்யவே கூடாதவையும் சில. கட்டிலின் காலை ரம்பத்தால் அறுக்காதீர்கள், பிணைப்புகளின் உறுதி போய்விடும். முதுகு வலிக்கிறது என்பதற்காக, எழுந்து நிற்கும் பிள்ளையின் மெத்தையை மேல்படியிலேயே விட்டுவைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தை போட்டு உயர்த்தாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன தடிமனுக்குள், இறுக்கமான ஒரே மெத்தை போதும். மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது. கம்புகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் கூடாது. உறவினர் வீட்டிலிருந்து பழைய கட்டில் வந்தால், பக்கத் தடுப்பு இறங்குகிற வகையா என்று முதலில் பாருங்கள். அந்த வகை என்றால் யாருக்கும் கைமாற்றாமல் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

முதல் மாதங்களும் தூக்கும் முறையும்

முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. பெரியவர்களின் கட்டிலை ஒட்டி நிறுத்தும் பக்கத் தொட்டில் இந்தக் காலத்துக்கு ஏற்றது. அதன் தடுப்பு தாழ்வானது என்பதால் உட்கார்ந்தபடியே பிள்ளையை எடுக்கலாம். பிள்ளை கையை ஊன்றி எழும்பத் தொடங்கியதும் அதன் காலம் முடிந்துவிடும்.

நம் வீட்டுத் தூளிக்கு இந்த உயரச் சிக்கலே இல்லை. கட்டுகிற முடிச்சு எங்கே விழுகிறதோ அதுதான் உயரம், கட்டுகிறவர் தன் கைக்கு எட்டுகிற அளவில் கட்டிக்கொள்கிறார். ஆனால் துணி வளைவதால் பிள்ளையின் முதுகும் வளையும். கழுத்து நிற்காத குழந்தைக்குத் தாடை மார்பில் சாய்ந்து மூச்சுப்பாதை குறுகலாம். தூங்குவதற்குச் சமதளமான, இறுக்கமான மெத்தையை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

எந்தக் கட்டிலானாலும் தூக்குவதற்கு முன்பு பிள்ளையை விளிம்புப் பக்கமாக நகர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், மற்றொரு கை பிட்டத்துக்கு அடியில், உள்ளங்கை மேல் நோக்கி இருக்கட்டும். கட்டைவிரலுக்கு வேலை குறையும். மார்போடு அணைத்த பிறகு நிமிருங்கள், நிமிர்ந்த பிறகு அணைக்காதீர்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

ஒரு வீட்டில் கட்டிலைப் பயன்படுத்துபவர் ஒருவர் அல்ல. ஆறடி அப்பா இருக்கலாம், ஐந்தடி அம்மா இருக்கலாம். பேறுகாலத்துக்குத் துணையாக ஊரிலிருந்தோ கடல் கடந்தோ வந்திருக்கும் பாட்டி பெரும்பாலும் அந்த வீட்டிலேயே குட்டையானவர், எலும்பு தேயும் வயதும்கூட. கட்டிலை அவர்களில் மிகக் குட்டையானவருக்காக வாங்குங்கள். தாழ்ந்த விளிம்புக்கு முன்னால் உயரமானவர் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும்தான், ஆனால் அவர் இடுப்பில் குனிகிறார். உயர்ந்த விளிம்புக்கு முன்னால் குட்டையானவருக்கு முதுகைத் தவிர வேறு வழி இல்லை.

தயாரிப்பாளர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. கம்பு இடைவெளிக்கும் உள்ளுயரத்துக்கும் விதி இருக்கிறது. அந்த விதிகள் வந்ததால் குழந்தைகள் பிழைத்தார்கள். தரையிலிருந்து முன்விளிம்பு எவ்வளவு உயரம் என்ற ஓர் எண்ணையும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடட்டும். அதற்குச் செலவில்லை, பிள்ளையின் பாதுகாப்பும் குறையாது. கட்டிலை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே அது தன் உடம்புக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள முடியும்.